வேகத்தைக் குறைத்தது யார்? ப்ராசஸர் த்ராட்லிங் டிரைவரைச் சோதிப்பது பற்றி

சூடு ஏறினால் ப்ராசஸரின் வேகம் குறைகிறதா என்று சோதிக்க நான் முதலில் எழுதிய டெஸ்ட் இருபது வரிகூட இருக்காது. எல்லா கோர்களிலும் கனமான கணக்கு ஒன்றை ஓடவிட வேண்டும், வெப்பநிலை வரம்பைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும், வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் பாஸ். அந்த டெஸ்ட் மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் ஓடியது, காலையில் பார்த்தால் பச்சை. ஒருநாள் வேறு ஒரு காரணத்துக்காக சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் வெப்ப டிரைவரையே சேர்க்காமல் கெர்னலை, அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியை, பில்ட் செய்திருந்தோம். அன்று காலையும் பச்சை.

டிரைவரே இல்லை, டெஸ்ட் மட்டும் பாஸ் ஆகிறது. அப்படியானால் அத்தனை மாதமும் அது எதைச் சோதித்தது?

ப்ராசஸரைத்தான். சூடு எல்லை மீறினால் இன்றைய ப்ராசஸர் எந்த மென்பொருளையும் கேட்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரைவர் செய்ய வேண்டிய வேலையை வன்பொருள் செய்து முடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கணினி அணைவதில்லை, எதுவும் கருகுவதில்லை, வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். அதனால் டிரைவரில் தப்பு இருந்தால் அது வருடக்கணக்கில் மூடியே கிடக்கும். இப்படி வேகத்தைக் குறைக்கும் த்ராட்லிங்கைச் சோதிப்பதன் சிரமம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. வேகம் குறைந்ததா என்று பார்ப்பது சுலபம். யார் குறைத்தது, எதற்காகக் குறைத்தது, பிறகு பிடியை விட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒரே பிரேக்கில் மூன்று கால்கள்

முதல் கால் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. 2000 நவம்பரில் வெளிவந்த இன்டெல் பென்டியம் 4-ல் வெப்பத்தைக் கவனிக்கும் சுற்று சிப்பிலேயே அமைந்திருந்தது. சூடு வரம்பைத் தொட்டதும் க்ளாக் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும், சிறிது நேரம் ஓட்டம், சிறிது நேரம் நிறுத்தம். 2001-ல், ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ப்ராசஸர் மேலிருந்த, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்த ஒரு சோதனையின் வீடியோ பரவலாகப் பேசப்பட்டது. ஏஎம்டி ஆத்லான் புகைந்து போனது. பென்டியம் 4-ல் ஓடிய விளையாட்டோ திணறித் திணறி நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அன்று அந்த ப்ராசஸரைக் காப்பாற்றியதில் இயக்குதளத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

பின்னால் வந்த சிப்களில் இந்த முறை செம்மைப்பட்டது. க்ளாக்கை வெட்டுவதற்குப் பதிலாக அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் சேர்த்து இறக்கினார்கள். காரணம் எளிய கணக்கு. சுற்றுகள் இயங்குவதற்குச் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கியதற்கு நேர்விகிதமாக இருக்கும். இரண்டையும் 20 சதவீதம் இறக்கினால், 0.8-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், கிடைப்பது 0.512. வேலையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து, சூட்டில் ஏறக்குறைய பாதியைக் குறைத்துவிடுகிறோம். க்ளாக்கை மட்டும் பாதி நேரம் நிறுத்தினால் சூடும் பாதி, வேலையும் பாதி. அதிலும் கசிவு மின்னோட்டம் தன் பாட்டுக்குச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். இருந்தாலும் க்ளாக் வெட்டும் முறை ஒழிந்துவிடவில்லை. இயக்குதளமே கேட்டு வாங்கும்படி இன்டெல் சிப்களில் ஒரு ரெஜிஸ்டராக (சிப்புக்குள் இருக்கும் சிறிய சேமிப்பிடம்) இன்றும் இருக்கிறது. பதினறும எண்ணில் அதன் முகவரி 19ஏ. அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் மீறியும் சூடு ஏறினால் கடைசியாக ஒரு சிக்னல் உண்டு, மதர்போர்டு மின்சாரத்தையே துண்டித்துவிடும். அந்த நேரத்தில் லாக் எழுதக்கூட அவகாசம் இருக்காது.

இரண்டாவது கால், வன்பொருளிலேயே பதிந்து வரும் மென்பொருளான ஃபர்ம்வேருடையது. பயாஸ், லேப்டாப்பில் மின்விசிறியையும் பேட்டரியையும் கவனிக்கும் சிறிய கன்ட்ரோலர், வன்பொருளைப் பற்றி இயக்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணைகள் எல்லாம் இதில் சேர்த்தி. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘நான் சூடாகிவிட்டேன்’ என்று ப்ராசஸர் வெளியே சொல்வதற்கென்று ப்ராக்ஹாட் என்ற ஒரு பின் உண்டு. பல கணினிகளில் அது இரு வழிப் பாதை. வெளியிலிருந்து கன்ட்ரோலர் அதை இழுத்தாலும் ப்ராசஸர் தனக்கே சூடு வந்ததுபோல் நடந்துகொள்ளும். மின்னழுத்தச் சீராக்கி சூடாகிவிட்டது, சார்ஜரை லேப்டாப்பால் அடையாளம் காண முடியவில்லை என்று பல காரணங்களுக்காக அப்படி இழுப்பார்கள். அப்போது சிப்பின் வெப்பநிலை 50 டிகிரிதான் இருக்கும், வேகமோ அடிமட்டத்தில் கிடக்கும். வெப்பநிலையையும் வேகத்தையும் மட்டும் பார்க்கிற டெஸ்ட் இதை டிரைவர் பக் என்று எழுதி வைக்கும்.

மூன்றாவது காலைத்தான் நாம் சோதிக்க வந்திருக்கிறோம், அதாவது இயக்குதளத்தின் டிரைவரை. முதல் இரண்டும் பிரேக்கை மிதிக்காத நிலையில் இது மட்டும் மிதிக்கிறதா என்று பார்க்க வழி வேண்டும்.

டிரைவர் செய்வது என்ன

டிரைவருக்கு மூன்று வேலைகள்: சூட்டைப் படிப்பது, முடிவெடுப்பது, நடவடிக்கை எடுப்பது. மூன்றிலும் தனித்தனியாகத் தவறு வரும், எனவே மூன்றையும் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

படிப்பதில் இருந்து தொடங்கலாம். இன்டெல் சிப்பின் டிஜிட்டல் சென்சார் ‘இப்போது 88 டிகிரி’ என்று சொல்லாது. எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். 19சி என்ற ரெஜிஸ்டரில் 16-லிருந்து 22 வரையுள்ள பிட்களில் 12 என்று இருந்தால், எல்லை 100 டிகிரியாக உள்ள சிப்பில் வெப்பநிலை 88. எல்லை எவ்வளவு என்பதை 1ஏ2 ரெஜிஸ்டரில் பார்க்க வேண்டும். அது மாடலுக்கு மாடல் மாறும். எல்லாவற்றுக்கும் 100 என்று டிரைவர் எடுத்துக்கொண்டால், 90 எல்லையுள்ள சிப்பில் எப்போதும் 10 டிகிரி தப்பாகக் காட்டும். இன்னொன்று, படித்த மதிப்பு செல்லுபடியானதா என்று சொல்ல 31-வது பிட் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செல்லாத மதிப்பு பூஜ்யமாக வந்தால் பாக்கி பூஜ்யம், அதாவது எல்லையிலேயே நிற்கிறது என்று பொருள். குளிர்ந்து கிடக்கும் சிப்புக்கு டிரைவர் அவசர நடவடிக்கை எடுக்கும்.

ஏசிபிஐ வழியாகப் படித்தால் வேறு அலகு. அங்கே வெப்பநிலை கெல்வினில், அதிலும் பத்தில் ஒரு பங்காக வரும். 3632 என்று வந்தால் 2732-ஐக் கழித்துப் பத்தால் வகுக்க வேண்டும், 90 டிகிரி செல்சியஸ். லினக்ஸ் கெர்னலோ தன் வெளிமுகத்தில் மில்லி டிகிரியில் பேசும், அதே 90 அங்கே 90000. மூன்று அலகுகளும் ஒரே டிரைவருக்குள் சந்திக்கும்போது எங்கோ ஒரு பூஜ்யம் தவறிப்போவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. இதைச் சோதிக்கச் சூடே தேவையில்லை. அலகு மாற்றும் ஃபங்ஷனுக்கு எல்லை மதிப்புகளைக் கொடுத்துப் பார்த்தால் போதும். அதைச் செய்யாமல் நேரே ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது முடிவெடுப்பது. லினக்ஸில் ஒவ்வொரு வெப்ப மண்டலத்துக்கும் (ஒரு சென்சாரும் அது கவனிக்கும் பகுதியும்) சில வரம்புப் புள்ளிகள் இருக்கும். வேகத்தைக் குறைக்க ஒன்று, மின்விசிறியைச் சுழற்ற ஒன்று, கணினியையே அணைக்க ஒன்று. வரம்பைத் தாண்டியதும் எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிப்பதற்கு கவர்னர் என்று பெயர். எளிமையானது ஸ்டெப்வைஸ் கவர்னர். வரம்புக்கு மேலே இருந்து, போன தடவையைவிடச் சூடு ஏறியிருந்தால் ஒரு படி குறை. வரம்புக்குக் கீழே வந்து, இறங்கிக்கொண்டும் இருந்தால் ஒரு படி விடு. மாறாமல் நின்றால் இருக்கும் படியிலேயே இரு. ஏஆர்எம் சிப் உள்ள கருவிகளில் பயன்படும் பவர் அலொக்கேட்டர் இதைவிடச் சிக்கலானது. கட்டுப்பாட்டியலில் வரும் பிஐடி முறையில், இத்தனை மில்லிவாட்தான் செலவழிக்கலாம் என்று கணக்கிட்டு சிபியு, ஜிபியு இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும்.

ஏசிபிஐ தரமும் இதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. போன தடவைக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்கி, இலக்குக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னோர் எண்ணால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்று வரும். அந்த இரண்டு எண்களையும் கணினியைத் தயாரிப்பவர் ஃபர்ம்வேரில் எழுதி வைப்பார். அவர் தப்பாக எழுதியிருந்தால் சரியான டிரைவரும் ஊஞ்சலாடும். வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எங்கும் நிலைகொள்ளாது.

சூடில்லாமல் சூடு

இனி சோதனைக்கு வருவோம். லினக்ஸ் கெர்னலை வெப்பப் பாவனை வசதியோடு பில்ட் செய்தால் ஒவ்வொரு வெப்ப மண்டலத்திலும் கூடுதலாக ஒரு கோப்பு முளைக்கும். அதில் ஓர் எண்ணை எழுதினால், சென்சார் அந்த வெப்பநிலையைச் சொன்னதாகவே கெர்னல் எடுத்துக்கொள்ளும். சிப் 45 டிகிரியில் சும்மா கிடக்கும்போது 86000 என்று எழுதலாம். வன்பொருளுக்கு இந்தப் பொய் தெரியாது, ஃபர்ம்வேருக்கும் தெரியாது. இப்போது வேகம் குறைந்தால் குறைத்தது டிரைவர்தான், சந்தேகமே இல்லை. நான் தேடிக்கொண்டிருந்த பிரிப்பு இதுதான்.

ஒரு மண்டலத்தில் வரம்பு 85 டிகிரி, ஸ்டெப்வைஸ் கவர்னர், வரம்பைத் தாண்டிய பின் 250 மில்லி வினாடிக்கு ஒருமுறை சரிபார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குளிர்விக்கும் படி, அதாவது வேகத்தை எத்தனை படி குறைத்திருக்கிறது என்ற எண், இப்போது 0. பாவனைக் கோப்பில் 95000 என்று எழுதுகிறோம். படி 1 ஆகிறது. ஒரு வினாடி காத்திருக்கிறோம், இன்னும் 1. ஐந்து வினாடி, அப்போதும் 1. 95 டிகிரிக்கு இதுவரை ஆறேழு படி ஏறியிருக்க வேண்டாமா? முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் பக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைப்பார்கள். பக் இல்லை. நாம் எழுதிய எண் மாறவே இல்லை, மாறாத எண்ணுக்கு இருக்கும் படியிலேயே இருப்பதுதான் ஸ்டெப்வைஸின் விதி. 95100, 95200, 95300 என்று சிறிது சிறிதாக ஏற்றி எழுதினால் படியும் 2, 3, 4 என்று கூடவே ஏறும். நிஜச் சூடு ஒருபோதும் ஒரே எண்ணில் நிற்காது என்பதால் நிஜத்தில் இது கண்ணில் படுவதில்லை.

சரி, இதிலிருந்து இன்னொரு கணக்கும் வருகிறது. ஒரு தடவைக்கு ஒரு படி, தடவைக்கு 250 மில்லி வினாடி என்றால், 8 படி ஏறக் குறைந்தது 2 வினாடி ஆகும். சிப்பின் சிலிக்கான் துண்டு மில்லி வினாடிகளில் சூடேறக்கூடியது. அந்த 2 வினாடிக்குள் வன்பொருளே பிரேக்கை மிதித்துவிட்டால் டிரைவரின் பங்கு பேருக்குத்தான். ஆகவே டெஸ்ட் ‘குறைந்ததா’ என்பதோடு ‘எத்தனை மில்லி வினாடியில்’ என்பதையும் கேட்டாக வேண்டும்.

பாவனையில் ஆபத்தும் உண்டு. தாழ்ந்த எண்களையே எழுதிக்கொண்டிருந்தால் நிஜச் சூட்டை டிரைவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம். நிஜ வெப்பநிலை அணைப்பு வரம்பைத் தாண்டிவிட்டால் பாவனையைக் கெர்னல் மதிக்காது என்ற பாதுகாப்பு இருக்கிறது, இருந்தாலும் பயனர்களுக்குப் போகும் கெர்னலில் இந்த வசதியை விட்டுவைக்கக் கூடாது. மறுபக்கம், அணைப்பு வரம்பைத் தாண்டிய எண்ணை எழுதினால் கணினி உண்மையிலேயே அணைய ஆரம்பிக்கும். அதைச் சோதிக்க அதுவே நல்ல வழி, சேமிக்காத வேலை எதுவும் திறந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளம் வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே வெப்பநிலையில் பொய் சொல்வதற்குப் பதில் வரம்பைக் கீழே இறக்கலாம். பயனர் மாற்றத்தை அனுமதிக்கும் ஓர் அமைப்பை இயக்கிவிட்டு, குறைக்கும் வரம்பை 50 டிகிரிக்கு மாற்றினால் சாதாரண லோடிலேயே டிரைவர் வேலையைத் தொடங்கிவிடும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சென்சாரைப் படிக்கும் பாதையும் சேர்ந்து சோதிக்கப்படுகிறது. பாவனைக் கோப்பில் அந்தப் பாதை முழுக்க விடுபட்டுப் போகும்.

வன்பொருள் பாதையையே பத்திரமான சூட்டில் பார்க்க வேண்டுமென்றால் இன்டெல் சிப்களில் அதற்கும் ஏற்பாடு உண்டு. எல்லையை எத்தனை டிகிரி முன்னால் நகர்த்துவது என்று அதே 1ஏ2 ரெஜிஸ்டரில் எழுதலாம். எல்லை 100 உள்ள சிப்பில் 30 என்று எழுதினால், 70 டிகிரியிலேயே நிஜமான வன்பொருள் த்ராட்லிங் தொடங்கும். இன்டரப்ட் (கெர்னலைக் கூப்பிடும் சிக்னல்) வரும், நிலை பிட்கள் மாறும், கெர்னலின் எண்ணிக்கை கூடும். லினக்ஸில் இன்டரப்ட் கணக்கு காட்டும் கோப்பில் வெப்ப இன்டரப்டுக்கென்று தனி வரி இருக்கிறது. அந்த எண் நகர்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். 100 டிகிரிக்கு ஏற்றி, ஏற்றி, சோதனைக் கணினியின் ஆயுளைக் குறைக்கத் தேவையில்லை.

காரணம் கேட்பது

நிஜ லோடில் வேகம் குறையும்போது காரணம் சூடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பல இன்டெல் ப்ராசஸர்கள் தொடக்கத்தில் அதிக மின்திறனை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும், சராசரி ஒரு வரம்பைத் தாண்டியதும் கீழே இறக்கும். அந்தச் சராசரிக்கான கால அளவாகப் பல கணினிகளில் 28 வினாடி வைத்திருப்பார்கள். லோடு தொடங்கி அரை நிமிடத்துக்குள் அதிர்வெண் வரைபடம் படிக்கட்டுபோல் ஒரே இறக்கமாக இறங்கினால், வெப்பநிலையைப் பார்ப்பதற்கு முன் மின்திறன் வரம்பைப் பாருங்கள். 19சி ரெஜிஸ்டரே இதைப் பிரித்துச் சொல்கிறது. 0-வது பிட் வெப்பம், 2-வது பிட் வெளியிலிருந்து வந்த ப்ராக்ஹாட், 10-வது பிட் மின்திறன் வரம்பு. ஒவ்வொன்றுக்கும் அடுத்த பிட், ‘கடைசியாகத் துடைத்த பிறகு எப்போதாவது நடந்ததா’ என்ற நினைவு. ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியிலும் இதே யோசனை உண்டு. அதன் நிலை எண்ணில் கீழ் பிட்கள் இப்போதைய நிலையையும், 16-வது பிட்டிலிருந்து மேலே உள்ளவை பூட் ஆனதிலிருந்து நடந்ததையும் சொல்லும். பதினறும எண்ணில் 50000 என்று வந்தால் இப்போது பிரச்சினை இல்லை, ஆனால் முன்பு மின்னழுத்தம் குறைந்தது, வேகமும் குறைக்கப்பட்டது என்று படிக்க வேண்டும். சூடு என்று நினைத்து ஹீட்சிங்க் மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல சார்ஜர்.

வேகம் என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இயக்குதளம் காட்டும் அதிர்வெண் சில வேளைகளில் டிரைவர் கேட்ட அதிர்வெண்தான், கிடைத்த அதிர்வெண் இல்லை. க்ளாக்கை வெட்டும் முறையில் அதிர்வெண் எண் மாறாமலே வேலை மட்டும் மெதுவாகும். ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரண்டு எண்ணிகளின் விகிதத்தை எடுத்தால் உண்மையான அதிர்வெண்ணை நெருங்கலாம். நான் அதோடு நிற்பதில்லை. அளவு தெரிந்த ஒரு வேலையை, கேஷுக்குள் அடங்கும் ஒரு முழு எண் கணக்கை, ஒவ்வொரு வினாடியும் ஓட்டி எத்தனை முறை முடிந்தது என்று எழுதிக்கொள்வேன். எந்த முறையில் குறைத்திருந்தாலும் அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

எல்லாக் குறைப்பும் கோளாறு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய சிப்பில் டர்போ வேகம் ஏறும்போது சில மில்லி வினாடி எல்லையைத் தொட்டுத் திரும்புவது இயல்பு. லினக்ஸ் முன்பு ஒவ்வொன்றுக்கும் ஆபத்து தொனியில் செய்தி எழுதியது, ஜனங்கள் பயந்துபோனார்கள். 5.5 பதிப்பில் இதை மாற்றி, நீடிக்கும் த்ராட்லிங்குக்கு மட்டும் எச்சரிக்கை என்று ஆக்கினார்கள். மொத்தம் எத்தனை மில்லி வினாடி குறைந்த வேகத்தில் கழிந்தது என்ற கணக்கையும் சேர்த்தார்கள். எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே டெஸ்டுக்கு உபயோகமான எண்.

ஒரு பிட்டின் கதை

டிரைவர் தப்புகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது லினக்ஸில் 2022-ல் சரிசெய்யப்பட்ட ஒன்று. 1பி1 என்பது முழு ப்ராசஸர் பேக்கேஜுக்குமான வெப்ப நிலை ரெஜிஸ்டர். அதில் நினைவுப் பிட்களைத் துடைக்க 0 எழுத வேண்டும். டிரைவர் வழக்கமான முறையில் செய்தது: ரெஜிஸ்டரைப் படி, வேண்டிய பிட்டை 0 ஆக்கு, திரும்ப எழுது. எந்தப் பாடப் புத்தகத்திலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் வன்பொருள் வேறொரு பிட்டை 1 ஆக்கினால்? நாம் படித்து வைத்திருப்பதில் அது இன்னும் 0. திரும்ப எழுதும்போது அந்த 0-வும் போய் உட்காரும், புதிதாக வந்த நிகழ்வு யாரும் பார்க்கும் முன்பே அழிந்துவிடும். தீர்வு அழகானது. இந்த பிட்களில் மென்பொருள் 1 எழுதினால் எதுவும் மாறாது, 0 எழுதினால்தான் துடைபடும். எனவே படிக்கவே வேண்டாம். துடைக்க வேண்டிய பிட்டில் 0, மற்றவற்றில் 1 என்று நேராக எழுதிவிடலாம்.

கதை அதோடு முடியவில்லை. அந்த ‘மற்றவற்றில்’ 26-வது பிட்டும் சேர்ந்துகொண்டது. புதிய ப்ராசஸர்களில் உள்ள ஒரு வசதிக்கான பிட் அது. அந்த வசதி இல்லாத பழைய ப்ராசஸர்களில் அந்த இடம் ஒதுக்கப்பட்டது, அங்கே 1 எழுதினால் ப்ராசஸர் மறுத்துவிடும், கெர்னல் லாகில் ரெஜிஸ்டர் அணுகல் பிழை வந்து விழும். பிறகு, வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த பிட்டைச் சேர்க்கும்படி இன்னொரு திருத்தம் போட வேண்டியிருந்தது.

முதல் தப்பை எந்த ஹீட்டராலும் பிடிக்க முடியாது. அந்த ஒரு கணத்தில் நிகழ்வு வந்து விழும்வரை எத்தனை நாள் காத்திருப்பது? இரண்டாவதைப் புதிய கணினிகள் மட்டும் உள்ள சோதனைக்கூடத்தில் பிடிக்க முடியாது. இரண்டையும் பிடிக்கக்கூடியது போலி ரெஜிஸ்டர்தான். டிரைவர் ரெஜிஸ்டரைத் தொடும் இரண்டு ஃபங்ஷன்களை மாற்றி எழுதக்கூடியதாக வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால் சிப்பின் விதிகளைப் பின்பற்றும் சிறிய நிரல் ஒன்றை வைக்கலாம். 1 எழுதினால் மாறாதது, 0 எழுதினால் துடைபடுவது, ஒதுக்கப்பட்ட இடத்தில் 1 எழுதினால் பிழை, இவைதான் விதிகள். டிரைவர் படித்த உடனே அந்த நிரல் வேறொரு பிட்டை 1 ஆக்கிவிட வேண்டும். டிரைவர் வேலை முடித்ததும் அந்த பிட் இன்னும் 1-ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லட்சத்தில் ஒருமுறை நேரும் மோதலை இப்படி ஒவ்வொரு ஓட்டத்திலும் வரவழைக்கலாம். ஒரு பிற்பகலில் எழுதி முடிக்கிற வேலை இது.

பிடியை விடுவது

குறைப்பதைச் சோதிப்பவர்கள் பலர், திரும்ப ஏறுவதைச் சோதிப்பவர்கள் குறைவு. பயனருக்கு வலிப்பதோ இரண்டாவதில்தான். காரணமே இல்லாமல் கணினி மெதுவாக இருந்தால் அவருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது.

2015-ல் லினக்ஸில் ஒரு வினோதமான புகார் வந்தது. இன்டெலின் பிராட்வெல் ப்ராசஸர் உள்ள சில கணினிகள் தூக்க நிலையிலிருந்து எழுந்ததும் நத்தைபோல் ஊர்ந்தன. தோண்டிப் பார்த்தபோது, தூங்கி எழும் இடைவெளியில் பயாஸ் 19ஏ ரெஜிஸ்டரை 0-விலிருந்து பதினறும 10-ஆக மாற்றியிருந்தது தெரிந்தது. அதாவது க்ளாக் வெட்டும் வசதி இயக்கப்பட்டுவிட்டது, எவ்வளவு வெட்டுவது என்ற இடத்திலோ அர்த்தமில்லாத பூஜ்யம். சூடே இல்லை, த்ராட்லிங் மட்டும் நிலைத்துவிட்டது. தூங்கும் முன் அந்த மதிப்பைச் சேமித்து, எழுந்ததும் திரும்ப எழுதும்படி கெர்னலில் ஏற்பாடு செய்தார்கள். தூங்கி எழுந்த பின் ரெஜிஸ்டர்களை முன்பிருந்ததோடு ஒப்பிடும் நான்கு வரி டெஸ்ட் இதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஃபர்ம்வேரிலும் இதே பாடுதான். 2018 ஜூலையில் ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோக்கள் கடும் லோடில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேகம் இழக்கின்றன என்ற புகார் எழுந்தது. ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப் போனதால் வெப்ப மேலாண்மை பாதிக்கப்பட்டது என்று நிறுவனமே சொல்லி, அதே மாதம் 24-ம் தேதி திருத்தம் வெளியிட்டது. யாருடைய கணினியும் எரியவில்லை, அணையவும் இல்லை. பாதுகாப்பு என்ற கோணத்தில் மட்டும் பார்க்கும் டெஸ்ட் இங்கே முழு மதிப்பெண் கொடுத்திருக்கும்.

அதனால் மீளும் பாதைக்கு நான் சில இடங்களைத் தவறாமல் பார்ப்பேன். லோடை நிறுத்தியதும் வேகத் தடை விலகுகிறதா, எத்தனை வினாடியில் விலகுகிறது? வரம்பு 85, தளர்வு இடைவெளி (வரம்புக்குக் கீழே எவ்வளவு இறங்கிய பின் விட வேண்டும் என்பது) 2 டிகிரி என்றால் 84-ல் விடக் கூடாது, 83-க்குக் கீழே போனதும் விட வேண்டும், 84.9-க்கும் 85.1-க்கும் இடையே பாவனை எண்ணை ஆட்டினால் படி படபடவென்று அடித்துக்கொள்ளாமல் நிற்கிறதா? ஒரு கோரை ஆஃப்லைன் ஆக்கித் திரும்ப எடுத்தால் அதன் இன்டரப்ட் மறுபடி இயங்குகிறதா? அப்புறம், எல்லோரும் மறக்கும் ஒன்று: வேகம் குறைந்திருக்கும் நேரத்திலேயே டிரைவரை இறக்கினால், அது போட்ட தடையைத் தானே எடுத்துவிட்டுப் போகிறதா? எடுக்காமல் போனால், போட்டவரே போய்விட்ட பூட்டு அது. மறுபடி பூட் செய்யும்வரை திறக்காது.

நிஜச் சூட்டில் ஓட்டிப் பார்ப்பதும் கடைசியில் வேண்டும்தான். அங்கே பொறுமை முக்கியம். சிலிக்கான் மில்லி வினாடிகளில் சூடேறும், ஹீட்சிங்குக்குப் பல வினாடி வேண்டும், லேப்டாப்பின் முழு உடலும் நிலைக்கு வரப் பல நிமிடம் பிடிக்கும். இரண்டு நிமிட ஓட்டத்தில் தெரியாதது அரை மணி நேர ஓட்டத்தில் தெரியும். அறையின் வெப்பநிலையை ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்காவிட்டால் இரண்டு ஓட்டங்களை ஒப்பிடவே முடியாது.

முதலில் சொன்ன அந்த டெஸ்டை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறேன். பாவனைச் சூட்டில் டிரைவரை மட்டும் பார்ப்பது ஒன்று. எல்லையை முன்னால் நகர்த்தி, லோடு கொடுத்து, எந்த பிட் 1 ஆனது என்று கேட்பது மற்றொன்று. கூடவே, வாரம் ஒருமுறை டிரைவர் இல்லாத கெர்னலில் முதல் டெஸ்டை ஓட்டுகிறோம். அங்கே அது ஃபெயில் ஆக வேண்டும். பச்சையாக வந்தால் அன்று மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான், முதலில் அந்த டெஸ்டைத் திறந்து பார்க்கிறோம்.